தாமதமான மடலும் தப்பான பழியும்

"மெயில் இன்னும் வரலையே, சர்வர் படுத்துடுச்சா?" அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உடனே சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுவார்கள். தற்செயலாக அடுத்த பத்து நிமிடத்தில் மடல் வந்து விழும். எல்லோரும் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நோய் என்ன என்று யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால், மருந்து கொடுக்கும் முன் வலி எங்கே என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் இருக்கும். தபால் நிலையங்கள் உறையில் குத்தும் முத்திரை மாதிரி, மடல் கடந்து வந்த சர்வர்கள் தங்கள் பெயரையும் நேரத்தையும் அதில் எழுதுகின்றன. கீழிருந்து மேலாகப் படியுங்கள். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நேரம் எகிறுகிறதோ, தாமதம் அங்கேதான். (சர்வர்களின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், நேர மண்டலத்தையும் கவனிக்க வேண்டும்.)

பல தாமதங்கள் கோளாறே அல்ல என்பதுதான் வேடிக்கை. 2003இல் எவன் ஹாரிஸ் முன்வைத்த 'கிரேலிஸ்டிங்' முறையில், முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் மடலை சர்வர் 4இல் தொடங்கும் ஒரு எண்ணைச் சொல்லி, "அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பும். குப்பை மடல் அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் திரும்பி வராது. ஒழுங்கான சர்வர் வரும். ஆனால் எப்போது? மறுமுயற்சிக்குக் குறைந்தது 30 நிமிடம் இடைவெளி விடச் சொல்கிறது 2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5321. கைவிடும் முன் 4, 5 நாட்களாவது முயலவும் சொல்கிறது.

நிஜக் கோளாறுகளும் உண்டு. 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மடல்கள் வரிசையிலேயே முடங்கின. வைரஸ் சோதனைப் பகுதி தேதியை 2201010001 என்று ஒரே எண்ணாக வைக்கப் பார்த்தது. அதற்கு ஒதுக்கிய இடத்தில் 2147483647க்கு மேல் கொள்ளாது. அன்று சர்வரை எத்தனை முறை நிறுத்தி ஓட்டினாலும் பயன் இருந்திருக்காது. பிழைப் பதிவைப் படித்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது.

இதில் எங்களைப் போன்ற மாணவர்களுக்கு என்ன கவலை என்கிறீர்களா? வேலைக்கும் உதவித்தொகைக்கும் மின்னஞ்சலில்தான் விண்ணப்பிக்கிறோம். "மாலை 5 மணிக்குள்" என்கிறார்கள். 4.45க்கு அனுப்பிய மடலை அவர்களுடைய சர்வரே "அப்புறம் வா" என்று திருப்பி, 5.20க்கு ஏற்றுக்கொண்டால், விண்ணப்பம் தாமதம் என்று தள்ளுவது என்ன நியாயம்? அனுப்பியவர் பக்கத்து வரிகளைப் பொய்யாக எழுத முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மடல் முதலில் கதவைத் தட்டிய நேரம் பெறுபவரின் சர்வர் பதிவேட்டிலேயே இருக்குமே! அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

அதற்காகச் சோதனைகளையே எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்தால் பெட்டி முழுக்கக் குப்பைதான். காத்திருக்க வைப்பது சர்வரின் உரிமை. காத்திருந்ததற்காக அனுப்பியவரைத் தண்டிக்காமல் இருப்பது அலுவலகத்தின் கடமை. அதுவரை நண்பர்களே, கடைசி நாளுக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்!