பனி உறையாத ஊரில் மூடுவிழா

நவம்பர் பிறந்தால் போதும். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கம் நீச்சல் குளம் உள்ள வீடுகளில், நம்மவர் வீடுகளிலும்தான், ஒரு விசாரிப்பு தொடங்கிவிடும்: “என்னங்க, குளத்தை மூடியாச்சா?” கேட்பவர் பெரும்பாலும் நியூ ஜெர்சியிலோ சிகாகோவிலோ சில காலம் இருந்துவிட்டு மேற்கே வந்தவர். அங்கே கண்ட வழக்கத்தை வீட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மூடினால் மின்சாரம் மிச்சம், வேலை மிச்சம், தண்ணீரும் பத்திரம் என்று அவர் நம்புகிறார். மூன்றுமே தப்புக்கணக்கு.

மினசோட்டாவில் மூடுவதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். குழாய்க்குள், பம்ப்புக்குள், ஃபில்டருக்குள் அது உறைந்தால் வெடிக்கும். அதனால் நீர்மட்டத்தை இறக்கி, குழாயில் தங்கிய தண்ணீரை கம்ப்ரஸரால் ஊதி வெளியேற்றி, வாய்களை அடைத்து, மேலே மூடியை இழுத்துக் கட்டுகிறார்கள். வசந்தம் வரை அந்தத் தண்ணீரில் பாசி தழைக்க வழியில்லை. டாஹோ ஏரிப் பக்கம் மலைமேல் வீடு வைத்திருப்பவரும் அப்படியே செய்யட்டும். எனக்கு அதில் வழக்கில்லை.

சான் ஹோசேயின் கதை வேறு. ஜனவரி இரவுகளிலும் குறைந்தபட்ச வெப்பம் சராசரியாக 5, 6 டிகிரி செல்சியஸ். குளத்துத் தண்ணீர் 10 டிகிரிக்குச் சற்று முன்பின் நிற்கும். சில இரவுகளில் புல்மேல் உறைபனி படியலாம். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் அதற்கு உறையாது. இங்கே குளத்துக்கு மினசோட்டா மரியாதை செய்வது மதுரை மார்கழிக்கு மங்கி குல்லா போடுவது போலத்தான். ஆனால் குல்லாவால் யாருக்கும் கெடுதல் இல்லை. இதனால் உண்டு.

நாம் நீந்தும் காலமும் பாசி வளரும் காலமும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. பனி நாட்டில் அவை ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன. மிதமான ஊரில் அப்படி இல்லை. மே கடைசியில்தான் நமக்குக் குளத்தின் நினைவே வரும். பாசி அதுவரை காத்திருப்பதில்லை. 15 டிகிரிக்குக் கீழே அது மந்தமாகும், சாகாது. பிப்ரவரிப் பிற்பகுதியில் வெயில் ஏற ஏறத் தண்ணீரும் சூடேறும். மார்ச், ஏப்ரலில் பாசி விழித்துக்கொள்ளும்போது மூடிக்குக் கீழே குளோரின் ஏறக்குறைய இருக்காது, பம்ப் ஓடாது, எட்டிப் பார்க்க ஆளும் இருக்காது. மே மாதம் மூடியை விலக்குகிறவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, “நன்றாகத்தானே மூடினோம்!” என்று திகைக்கிறார். நன்றாக மூடியதால் வந்த வினைதான் அது.

கவனிப்பில்லாத குளம் அந்த வீட்டோடு நிற்கும் தொல்லையும் அல்ல. 2007இல் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் பலர் வீட்டைக் கைவிட்டுப் போனார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டு நகரை வானிலிருந்து படமெடுத்துப் பார்த்தபோது, கண்ணில் பட்ட குளங்களில் 17 சதவீதம் பச்சையாகக் கிடந்தன. அந்தக் கோடையில் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கை அங்கே 276 சதவீதம் கூடியதாக 2008இல் வெளியான ஆய்வு சொன்னது. வறண்ட ஆண்டு, நோய் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள். மூடி போட்ட குளமும் கைவிட்ட குளமும் ஒன்றா என்று கேட்கலாம். கொசுவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இங்கே மழையே நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான். மூடியின் மேல் தேங்கி, இலை அழுகிக் கிடக்கும் மழைநீர் அதற்குப் போதும்.

இன்னொன்று, பலர் காதில் விழாதது. குளிர்ந்த தண்ணீர் சாதுவானது அல்ல. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லாங்கெலியர், தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா கரைக்குமா என்று கணிக்க 1936இல் ஒரு குறியீட்டு எண்ணை வகுத்தார். நகரக் குடிநீர்க் குழாய்களுக்காகச் செய்தது. இன்று நீச்சல் குளக்காரர்களுக்கும் அதுவே அளவுகோல். அதன்படி, மற்றவை மாறாமல் வெப்பம் மட்டும் இறங்கினால் தண்ணீரின் சுண்ணாம்புப் பசி கூடும். மழைநீர் கலந்து கால்சியமும் காரத்தன்மையும் நீர்த்துப்போனால் இன்னும் கூடும். அந்தப் பசிக்கு இரை குளத்தின் சிமெண்ட் பூச்சு. மாதம் ஒரு முறை சோதித்து, வேண்டியதைச் சேர்த்தால் தடுத்துவிடலாம். மூடிய குளத்தை யார் சோதிக்கப் போகிறார்கள்?

மூடியது போதாதென்று தண்ணீரையே முழுக்க இறைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும். குளத்தை அதன் இடத்தில் அழுத்தி வைத்திருப்பது உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை. அதை எடுத்துவிட்டால், கீழிருந்து வரும் அழுத்தத்தில் குளம் முழுதாகவே மண்ணைவிட்டு மேலெழலாம். எழுந்ததை மறுபடி உட்கார வைக்க முடியாது.

சரி, மூடாமல் விட்டால் ஆகும் செலவு? வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பில் வேகத்தைப் பாதியாக்கினால், கணக்குப்படி மின்சாரம் எட்டில் ஒரு பங்குதான் தேவை. மெதுவான வேகத்தில் 300 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். நான்கு மாதத்துக்கு 144 யூனிட். யூனிட்டுக்கு 40 சென்ட் போட்டாலும் 58 டாலருக்குள் முடிந்துவிடும். குளிரில் குளோரினும் கொஞ்சம்தான் செலவாகும். வாரத்துக்கு ஒரு முறை இலை அள்ளுவது, குளோரின் அளவைப் பார்ப்பது, இவ்வளவே வேலை. உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் நன்றாகக் குளிர்ந்தால் அந்தக் கருவிகளில் பல தாமாகவே நின்றுவிடும், அந்த வாரங்களில் திரவ குளோரினைக் கையால் ஊற்ற வேண்டும். மே மாதம் பச்சைக் குளத்தைத் தெளிய வைக்கும் மருந்துக்கும் ஆளுக்கும் ஆகிற செலவோடு இதை வைத்துப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது, “குழந்தைகள் இருக்கிற வீடு, மூடி இருந்தால் பத்திரம்” என்ற சமாதானத்தைக் கேட்கும்போதுதான். ஆள் ஏறினாலும் தாங்கும்படி சோதித்துச் சான்று பெற்ற பாதுகாப்பு மூடி ஒரு வகை. கலிஃபோர்னியாவில் 2018 முதல், புதிதாகக் கட்டும் அல்லது திருத்தி அமைக்கும் வீட்டுக் குளத்துக்குச் சட்டம் சொல்லும் ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது இரண்டு இருந்தாக வேண்டும். அந்த ஏழில் ஒன்று இந்த மூடி. கடையில் வாங்கிக் கரையில் தண்ணீர்ப் பையை வைத்து நிறுத்தும் தார்ப்பாய் அந்த வகை அல்ல. அதன்மேல் கால் வைக்கும் குழந்தை பாயோடு சேர்ந்து அமிழும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. வேலியும் தானே சாத்திக்கொள்ளும் கதவும் செய்கிற காவலைத் தார்ப்பாய் செய்யும் என்று நம்புவது ஆபத்து.

“டெக்சஸில் நடந்ததைப் பார்த்தீர்களா?” என்று கடைசியாக ஓர் அஸ்திரம் வரும். பார்த்தோம். 2021 பிப்ரவரியில் டாலஸ் மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது. 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. உறைபனி வந்தால் தானே பம்ப்பை ஓடவிடும் கருவிகள் இருந்தும், மின்சாரம் இல்லாமல் அவை என்ன செய்யும்? நின்ற தண்ணீர் உறைந்து பம்ப்புகளும் குழாய்களும் பிளந்தன. ஆனால் குளத்தின் மேல் விரிக்கிற மூடியால் பம்ப்புக்குள் நிற்கும் தண்ணீரை என்ன செய்ய முடியும்? எப்போதோ வரும் அந்த ஓர் இரவுக்காக மாதக்கணக்கில் குளத்தை அடைத்துப் போட வேண்டியதில்லை. கடுங்குளிர் எச்சரிக்கை வந்து, மின்சாரமும் போய்விட்டால், பிரேக்கரை அணைத்துவிட்டு பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூன்றின் அடியிலும் உள்ள வடிகால் திருகுகளைக் கழற்றித் தண்ணீரை வடியவிட வேண்டும். எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று வெயில் காலத்திலேயே ஒரு தடவை பார்த்து வைத்திருந்தால், டார்ச் வெளிச்சத்திலும் செய்துவிடலாம். கழற்றியவற்றை பம்ப்பின் இலைக்கூடையிலேயே போட்டு வைத்தால் திரும்ப மாட்டும்போது தேடி அலைய வேண்டாம்.