உறைபனியும் கொல்லைத் தோட்டமும்

மார்கழி பிறந்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆகாயம் மேகமின்றித் தெளிந்துவிட்டால், கொடைக்கானல் ஏரிக்கரையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் புகைப்படங்கள் நமது பத்திரிகைகளில் தவறாமல் வெளிவரத் தொடங்குகின்றன. ஜிம்கானா, கீழ்பூமி, பாம்பார்புரம், பிரையண்ட் பூங்கா என்று இடங்களை வரிசையாகச் சொல்லி, சுற்றுலாப் பயணிகள் பனியைக் கையில் அள்ளி மகிழ்ந்தார்கள் என்று முடியும் அந்தச் செய்திகளில், அதே இரவில், அதே பள்ளங்களின் ஓரத்தில், ஏதோ ஒரு குடும்பத்தின் பீன்ஸ் கொடியும் சௌசௌப் பந்தலும் கருகிப்போன விஷயத்துக்கு ஒரு வரி இடம் கிடைப்பது அரிது. உறைபனியைப் பார்த்து ஆனந்தப்படுகிறவர்களிடம் எனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை. ஆனால் அது முதலில் ஒரு பயிர்ச் செய்தி என்பதையும், விடிந்த பிறகு படத்துடன் போடவேண்டியது அல்ல, முந்தின நாள் மாலையிலேயே தோட்டக்காரன் காதில் விழவேண்டியது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் கோடை வாசத்துக்காக இங்கே வீடு கட்டிக்கொண்டதிலிருந்து, வெள்ளைக்காரர்களின் பங்களாக்களை ஒட்டிப் பரவிய சீமைக் காய்கறிகள், காலக்கிரமத்தில் நம்மவர்களின் கொல்லைப்புறங்களுக்கும் வந்து சேர்ந்து, இன்று இம்மலையின் சொந்தப் பயிர்களைப் போலவே ஆகிவிட்டன. பழனிமலையின் மேல்மட்டத்தில் கையகல நிலம் உள்ள வீட்டிலும் கேரட், பீட்ரூட், நூல்கோல், முள்ளங்கி, பட்டாணி, பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றில் நாலைந்தாவது இருக்கும். வேலியோரத்தில் ஒரு மரத்தக்காளியும், கொட்டகைக் கூரைமேல் ஒரு சௌசௌக் கொடியும் படர்ந்திருக்கும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி முதலிய கிராமங்களிலோ, படிப்படியாகச் செதுக்கிய நிலங்களில் நெடுங்காலமாக விளைந்து, 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற மலைப்பூண்டு, வீட்டுத் தோட்டத்துக்கும் வயலுக்கும் பொதுவான சொத்தாக இருந்துவருகிறது.

மழை விட்டதற்கும் முதல் உறைபனி விழுவதற்கும் இடைப்பட்ட சில வாரங்களில் இந்தத் தோட்டங்களில் நடைபெறும் வேலை, வெறும் காய் பறிப்பு அன்று. எது தாங்கும், எது தாங்காது என்று பரம்பரை அனுபவத்தால் பகுத்தறிந்து செய்கிற ஒரு சாஸ்திரம் என்றே அதைச் சொல்லவேண்டும். பீன்ஸ், அவரை, பூசணி, மரத்தக்காளி ஆகியவை ஓர் இரவுப் பனிக்கே மடிந்துவிடக் கூடியவையாதலால், பிஞ்சானாலும் காயானாலும் அவற்றை முதலில் பறித்துவிடுகிறார்கள். விதைக்கென்று ஒதுக்கிய நெற்றுகள் கொடியிலேயே காய்ந்திருந்தால் அன்றைக்கே உரித்துத் துணியில் முடிந்துவைக்கிறார்கள். உருளைக்கிழங்கின் தழை கருகினாலும் மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்குக்கு உடனே சேதமில்லை என்றாலும், தழை போன பிறகு கிழங்கு பெருக்க வழியில்லாததால், மண் உலர்ந்த ஒரு நாள் பார்த்துத் தோண்டியெடுத்து, நிழலில் ஆறவைத்து, வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறினவற்றைக் கழித்து, முட்டையளவானவற்றை விதைக்கிழங்காகப் பிரித்து இருட்டறையில் சேர்க்கிறார்கள். சௌசௌவின் கொடி பட்டுப்போனாலும் வேர் மண்ணில் உயிரோடிருந்து மறுபடி துளிர்க்கும். எனினும், முழுக்காயையே விதையாக நடவேண்டிய பயிர் அது என்பதால், முற்றின காய்கள் சிலவற்றைப் பரண்மேல் பத்திரப்படுத்துகிறார்கள். பூண்டை அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டு விதைக்காகக் காப்பாற்றும் வழக்கமும் இம்மலையில் உண்டு.

கேரட்டையும் முட்டைக்கோஸையும் மட்டும் இந்த அவசரத்தில் யாரும் தொடுவதில்லை. குளிர் உறைக்கும்போது இவ்வகைச் செடிகள் தம்மிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன; சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது என்பதால் அவை பிழைத்துக்கொள்வதோடு, தை மாதத்துக் கேரட் ஐப்பசியில் பிடுங்கியதைவிட இனிப்பாகவும் இருக்கிறது. ஆகவே உறைபனி எல்லாவற்றுக்கும் சத்துரு அன்று. முன்கூட்டித் தெரிந்தால் ஒரு பாதியைக் காப்பாற்றலாம், மறுபாதியை அதன் கையிலேயே விட்டுவிடலாம்.

முன்கூட்டித் தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியும் என்பதே பதில். ஏனெனில் இங்கே விழுகிற உறைபனி, எங்கிருந்தோ திடீரென்று படையெடுத்து வருவதன்று. பகலில் வெயிலால் சூடேறிய பூமி, மேகப் போர்வை இல்லாத இரவில் அந்த உஷ்ணத்தை ஆகாயத்துக்குக் கொடுத்துவிட, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவுகளில் வழிந்திறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. காற்றோட்டமும் இல்லாவிட்டால் அப்பள்ளங்களில் புல்லின்மேல் படிந்த ஈரம் விடியுமுன் உறைந்துவிடுகிறது. மென்மையான இலைகளின் உள்ளே உண்டாகும் பனித்துகள்கள் கண்ணறைகளின் நீரை வெளியே இழுத்து அவற்றைச் சிதைத்துவிடுவதால், வெயில் ஏறியதும் அச்செடிகள் வெந்நீர் ஊற்றியவைபோல் தொய்ந்து கறுக்கின்றன. தெளிந்த வானம், அசையாத காற்று, ஈரம் குறைந்த குளிர் என்ற மூன்று அறிகுறிகளும் மாலை ஆறு மணிக்கே கண்ணுக்குத் தெரிகின்றன.

இங்கே கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், ஊருக்கு மேலேயுள்ள மேட்டில் அமைந்திருக்கிறது. நமக்குக் கிடைக்கும் வெப்ப அளவு அந்த மேட்டைச் சார்ந்தது. அதுவும் தரையிலிருந்து நாலடி உயரத்தில், நிழற்கூண்டுக்குள் வைத்த கருவியின் அளவு. ஏரியோ, மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், 1863-இல் ஒரு சதுப்புப் பள்ளத்தின் ஓடையைக் கரைகட்டித் தடுத்து உண்டாக்கியது. குளிர்காற்று வந்து தங்குவதற்கென்றே இயற்கை அமைத்த இடம் என்று அதைச் சொல்லலாம். இதனால்தான், வெப்பம் ஆறேழு டிகிரி என்று செய்தியில் படித்துவிட்டு நிம்மதியாக உறங்கப்போன பள்ளத்து வீட்டுக்காரர், காலையில் தம் தோட்டம் வெளுத்திருக்கக் காண்கிறார். மேட்டின் அளவு பொய்யன்று. பள்ளத்தின் கதை வேறு என்பதுதான் உண்மை.

ஆகையால், நான் அரசாங்கத்திடம் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. ஏரியோரம், மன்னவனூர், பூம்பாறை போன்ற பள்ளத்தாக்குகளில் புல்மட்டத்தின் வெப்பத்தைக் காட்டும் சில கருவிகளை வைத்து, கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி முடிய, தினந்தோறும் மாலையில், இன்ன இன்ன இடங்களில் இன்றிரவு உறைபனிக்கு வாய்ப்புண்டு என்று, தென்மாவட்டங்கள் பலவற்றிலும் ஒலிக்கிற 100.5 கொடைக்கானல் பண்பலையில் ஓரிரு நிமிஷம் சொல்லிவிட்டால் போதும். கேட்டவர்கள் மிச்சமிருந்த காய்களைப் பறித்துக்கொள்வார்கள். நாற்றுகளின்மேல் சாக்கோ வைக்கோலோ போர்த்துவார்கள். அதிகாலையில் எழுந்து வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவார்கள். நீலகிரியில், உதகைத் தாவரவியல் பூங்காவின் அலங்காரச் செடிகளுக்கே பனிக்காலத்தில் மிலார் தழைகளால் கூரை போடுகிறார்கள். ஜப்பானிலோ, தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களில் விசிறிகளை நிறுத்தி, மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளிக் கொழுந்தைக் காக்கிறார்கள். அலங்காரச் செடிக்குக் கிடைக்கும் கரிசனம் குழம்புக்குப் போகும் காய்க்கும் கிடைக்கவேண்டும் என்பது அநியாயமான ஆசையாகாது.

கொல்லைத் தோட்டத்துக்காக ஒரு சர்க்கார் கவலைப்படவேண்டுமா, காய்கறிதான் ஒட்டன்சத்திரம் சந்தையில் மலைபோல் குவிந்து கிடக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நியாயமில்லாமலில்லை; ஆனால் பயிர்க் காப்பீடு அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கும் பிரதேசத்துக்கும் மட்டுமே உரியது என்பதால், கொல்லையில் போனது போனதுதான், அதற்கு ஈடு எதுவும் கிடையாது. மேலும், மலையில் வாழ்கிறவர்களுக்குச் சந்தை எப்போதும் எட்டும் தூரத்தில் இருப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலையையும் தாக்கி, மரங்களைச் சாய்த்து, மண்சரிவுகளை உண்டாக்கி, பாதைகளை அடைத்துவிட்டதே, அத்தகைய நாட்களில் ஒரு வீட்டின் உலையில் விழுவதற்கு அதன் கொல்லையில் உள்ளதைத் தவிர வேறென்ன இருக்கமுடியும்? தவிரவும், பள்ளத்து வீட்டுக்காக விடுக்கும் எச்சரிக்கை, அதே பள்ளத்தில் கடன் வாங்கி உருளை போட்ட குடியானவனுக்கும் செவ்வையாகப் பயன்படும். அவனுக்காகவாவது இதைச் செய்யலாம்.

நாமும் செய்யவேண்டியது கொஞ்சம் உண்டு. அறை கட்டி வாடகைக்கு விடுவதும், வண்டி நிறுத்தக் கல் பாவுவதும் லாபகரமானவை என்பதால், ஊருக்குள் கொல்லைகள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. இருக்கிற கொல்லைகளுக்கோ, காட்டுமாடு நுழையாதிருக்கச் சரிவின் கீழ்ப்புறத்திலும் இடைவெளியில்லாத மதிலை எழுப்பிவிடுகிறார்கள். வழிந்திறங்கும் குளிர்காற்றுக்கு வெளியேறத் துவாரம் இல்லாத அத்தகைய மதில், தோட்டத்தைக் காப்பதற்குப் பதில் பனியைத் தேக்கிவைக்கும் தொட்டியாக அதை ஆக்கிவிடுகிறது. கீழ்ப்புறத்தில் கம்பிவலை வேலியோ, மதிலின் அடியில் காற்று கழியும் வழியோ வைத்தால் இந்தத் தீங்கு பெரிதும் குறையும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி சொன்ன நம் முன்னோர்களிடம், நாளை விடியலின் நிலையை இன்று மாலையே கணிக்கும் கருவிகள் இல்லை. ஆகையால் அவர்கள் பனியை விதியென்று ஏற்றுக்கொண்டதில் குற்றமில்லை. கருவியும் வானொலியும் கைவசம் இருக்கும் நாம் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அடுத்த மார்கழியில் வெளுத்த புல்வெளியின் படத்தைப் போடுகிற பத்திரிகைகள், அதற்கு முந்தின நாள் எச்சரிக்கை சொல்லப்பட்டதா என்பதையும் சேர்த்து விசாரித்து எழுதினால், அந்தப் படத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டாகும்.