சாந்தியைச் சாட்சிக்கு அழைக்காதீர்!

பனமலைக் குன்றின்மேல் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில், சிற்றறை ஒன்றின் சுவரிலே, ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக ஒரு பெண்ணோவியம் நிற்கிறது. ஒரு காலை மடித்துக் குடையின்கீழ் ஒயிலாக நிற்கும் அந்த உமையவளைக் காணத் தொலைவிலிருந்தும் கலை அன்பர்கள் வருகின்றனர். ஆனால் குன்றுக்குக் கீழே, ஏரிக்கரையில், உயிருள்ள ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் ஓடினால் மட்டும் ஊர் முகம் சுளிக்கிறது.

அப்படி ஓடுகிறவள் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். உடற்கல்வி படித்து, பின்னர் தடகளப் பயிற்சியாளராக வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தையோ செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "சாமி, அந்தப் புதுக்கோட்டைப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றார். நம் மக்களில் பலர் இதே சாட்சியை அழைக்கிறார்கள். ஆகவே சாட்சியம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். தலித் குடும்பம். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பின்னால் வந்தவரை அவர் முந்தியது நொடியின் நூறில் மூன்று பங்கு. அதன்பின் பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. ஓர் இளம் பெண்ணுக்கும் மருத்துவருக்கும் இடையே மறைவாகப் பேசப்பட வேண்டியதை நாடே தொலைக்காட்சியில் கேட்டது. அவமானம் தாளாமல் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். 2012இல் அவர் மீண்டும் செங்கல் சூளையில் வேலை செய்வதைச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன.

அந்தத் தந்தையின் நினைவு இத்துடன் நின்றுவிடுகிறது. நம் நினைவும் அப்படித்தான்; ஒரு பெண்ணின் வீழ்ச்சி நமக்கு மறப்பதே இல்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பதக்கம் போன பிறகு, தமிழக அரசு அளித்த பரிசுப் பணத்தைக் கொண்டு அவர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுத் தந்தார். சூளைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிடவும் இல்லை. பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தடகளப் பயிற்சியாளரானார். இந்தச் சாட்சியை அழைத்தால், இவர் உங்களுக்கு எதிராகவே பேசுவார்.

பெண்கள் பிரிவுக்கு எல்லை வகுப்பது எப்படி என்பது வேறு வழக்கு. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் நியாயத்தை அறிஞர் வாதிடட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: சாந்திக்கு நேர்ந்த கேட்டுக்கு ஓட்டம் காரணமா, அதை ஊரறியச் செய்தவர்கள் காரணமா? கத்தோலிக்க நாடாகிய ஸ்பெயினிலும் மரியா ஹோசே மார்த்தினஸ் பத்தினியோ என்ற தடையோட்ட வீராங்கனை 1980களில் இதே அவமானத்தைச் சந்தித்தார். அவர் வழக்காடி, 1988இல் மீண்டும் போட்டியிடும் உரிமை பெற்றார்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். வளரும் பெண்பிள்ளையின் உடலில் நிகழ்வதைக் கூச்சமின்றிக் கேட்கவும், விளங்கவும், வெளியே சொல்லாமல் காக்கவும் தெரிந்த பயிற்சியாளர் யார்? பெரும்பாலும் ஒரு பெண்தான். மாதவிலக்கு நாளில் வயிற்றுவலியோடு ஓடும் சிறுமி அதை ஆண் பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்குகிறாள். ஓட்டம் குறைந்தால் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறாள். பெண்களுக்கு இத்துறையில் ஆபத்து என்று அஞ்சும் பெற்றோரே, ஆபத்தைக் குறைக்கக் கூடியவளைத்தான் நீங்கள் வீட்டில் நிறுத்தி வைக்கிறீர்கள். பி.டி. உஷா தம் ஓட்டத்தை முடித்தபின் 2002இல் கேரளத்தில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவரிடம் பயின்ற டின்டு லூக்கா 2010இல் 800 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் ஓடி இந்தியச் சாதனை படைத்தார்.

பழியைப் பெற்றோர்மேல் மட்டும் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. நான் பொறுப்பில் இருந்த பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புப் பெண்களின் விளையாட்டு நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்தோம். பையன்களின் நேரத்தைத் தொடவில்லை. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது என்று மேடையில் பெருமையும் பேசினேன். உடல் ஆலயம் என்று மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். பவுல் அடிகளார் ஓட்டப்பந்தயத்தை உவமையாக்கியதை ஆண்டுதோறும் மறையுரையில் விளக்குகிறோம். 2018இல் வத்திக்கான் விளையாட்டைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. இவ்வளவும் இருந்தும் ஒரு சிறுமியின் அரைமணி நேரத்தை நம்மால் காக்க முடியவில்லை.

செவிலியர் பணியை நான் தாழ்த்தவில்லை. விரும்பிச் செல்பவளுக்கு அது அருட்பணி. விருப்பமில்லாதவளை அங்கே அனுப்பினால் நோயாளிக்கும் நன்மையில்லை. வருகிற ஞாயிறு திருப்பலிக்குப்பின் அந்தத் தந்தையை வரச் சொல்லியிருக்கிறேன். சாந்தி பட்டயம் பெற்ற கதையை அவர் இதுவரை கேட்டதில்லை. உடற்கல்விக் கல்லூரி விண்ணப்பம் என் மேசைமேல் இருக்கிறது. பெற்றோர் கையொப்பத்துக்குரிய இடம் மட்டும் காலியாக உள்ளது.