பெரியாரைத் துணைக்கோடல்

புதியவரைத் தலைமைப் பயிற்சியாளராக்குவது காற்பந்துக் கழகத்திற்குப் பிழையன்று. அவரருகே முதிர்ந்த அனுபவம் இல்லாதிருப்பதே பிழை என்போம் நாம்.

2019 ஜூலையில் செல்சிக்கு வந்த ஃபிராங்க் லாம்பார்டுக்கு, டெர்பி கவுண்டியில் ஒரு பருவமே முன்னனுபவம். அங்கிருந்து உடன்வந்த துணைப் பயிற்சியாளர் ஜோடி மோரிஸோ, அதற்குமுன் செல்சியின் இளையோர் அணியைப் பயிற்றுவித்தவர். அவ்வாண்டு டிசம்பரில் ஆர்சனலில் பொறுப்பேற்ற மிக்கேல் ஆர்டெட்டாவுக்குத் தலைமை அனுபவமே இல்லை. ஆயினும் எவர்ட்டனிலும் மான்செஸ்டர் யுனைடெட்டிலும் துணைப் பயிற்சியாளராயிருந்த ஸ்டீவ் ரவுண்டை அருகில் வைத்துக்கொண்டார். ஆர்டெட்டா நிலைத்தார், லாம்பார்ட் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார்.

அடுத்து வந்த அனுபவசாலி தாமஸ் டூக்கெல், பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டு மே மாதமே சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார். லாம்பார்ட் வாய்ப்பளித்து வளர்த்த மேசன் மவுண்டும் ரீஸ் ஜேம்ஸும் அவ்விறுதியாட்டத்தில் ஆடினர். ஆகவே அவரிடம் குறைந்தது திறமையன்று. இடித்துரைக்கும் மூத்தோர் துணையே. அரசர்க்கென வள்ளுவர் வகுத்த அதிகாரம் ஆடுகளத்திற்கும் பொருந்துகிறது.