இரக்கக் காசு யாருக்கு வேண்டும்?

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர், இரவுக்குள் கீழ்த்தளத்தையே விழுங்கியது. குழந்தை குட்டிகளோடு மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றார்கள் நம் மக்கள். சோறில்லை, மின்சாரமில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று காத்துக் கிடந்தவர்களும் உண்டு.

பல வீடுகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது யார்? சொந்தப் படகில் வந்த பொதுமக்கள்! சோறு சமைத்து அனுப்பியது யார்? பெட்டாலிங் ஜெயா சீக்கியர் குருத்துவாரா! மீட்புப் பணியில் குறைகள் இருந்ததை அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியே பிறகு ஒப்புக்கொண்டார்.

'நூறு ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை' என்றார்கள் அதிகாரிகள். மழை பெரிய மழைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்ரீ மூடா 1995-லும் மூழ்கியதே! 26 ஆண்டுகளில் என்ன செய்தீர்கள்? அது கிள்ளான் ஆற்றை ஒட்டிய பள்ளமான இடம். கடல் ஏற்றத்தின்போது மதகை மூடியாக வேண்டும். மூடினால் உள்ளே தேங்கும் நீரை பம்புதான் வெளியேற்ற வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பம்பும் மதகும் கால்வாயும் மக்களின் உயிர்.

கோலாலம்பூர் நகர மையத்தைக் காக்க 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்மார்ட் சுரங்கம் வெட்டி 2007-இல் திறந்தார்கள். அதற்குச் செலவு சுமார் 190 கோடி ரிங்கிட். வங்கிகளும் வணிகக் கோபுரங்களும் நிற்கும் இடத்துக்குப் பணம் கிடைக்கிறது. உழைக்கும் மக்கள் வாழும் பள்ளத்துக்கு?

தண்ணீர் இனம் பார்க்கவில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோர் வீட்டிலும் புகுந்தது. ஆனால் மறுநாள் எழுந்து நிற்கும் பலம் எல்லோருக்கும் ஒன்றா? தோட்டத்தை விற்றபோது லயத்திலிருந்து விரட்டப்பட்டோம். புறம்போக்கில் தகரக் கூரை போட்டோம். '2005-க்குள் புறம்போக்கு வீடே இல்லாத சிலாங்கூர்' என்று அதையும் உடைத்தார்கள். 'தற்காலிகம்' என்று நீண்ட வீடுகளில் அடைத்து, ஆண்டுக்கணக்கில் மறந்தார்கள். காற்றடித்தால் முதலில் பறப்பது யார் கூரை என்று சொல்லவும் வேண்டுமா?

வெள்ளம் வடிந்ததும் ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் கொடுத்தார்கள். அதன் பெயரே 'வாங் இசான்', அதாவது இரக்கப் பணம்! 2021 வெள்ளத்தில் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி ரிங்கிட், அதில் வீடுகளின் இழப்பு மட்டும் 160 கோடி என்று அரசாங்கப் புள்ளிவிவரத் துறையே கணக்குச் சொன்னது. கட்டில், மெத்தை, பிரிட்ஜ், பிள்ளையின் புத்தகம், வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் எல்லாம் போன வீட்டுக்கு ஆயிரம் வெள்ளி எந்த மூலைக்கு?

வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். பாதுகாப்பான வீடு நம் உரிமை. அதைக் கேட்க ஆதாரம் வேண்டும். எனவே ஒவ்வொரு குடும்பமும் இதைச் செய்ய வேண்டும்:

1. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். ஒரு பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு அலைபவர்கள் நம்மில் எத்தனை பேர்!

2. சேற்றைக் கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், கெட்டுப்போன பொருட்களையும், பறந்த கூரையையும் படம் எடுங்கள்.

3. போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

4. உறவினர் வீட்டில் தங்கினாலும், வாடகை வீடானாலும், மாவட்ட அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள். பெயர் இல்லையென்றால் நீங்கள் பாதிக்கப்படவே இல்லை என்பார்கள்.

5. தனியாகப் போகாதீர்கள். பத்து வீடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். கால்வாய் எப்போது தூர் வாரப்பட்டது, பம்ப் ஓடுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

அடுத்த மழைக்கு முன் இதைச் செய்யுங்கள். தேர்தல் நேரத்தில் அரிசிப் பையோடு படம் பிடிக்க வரும் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'அரிசி இருக்கட்டும் ஐயா, எங்கள் கால்வாய் எங்கே?'