வாத்தியார் வாய் திறக்க முடியாது, நாம் திறக்கலாம்!



கூலிம், பாடாங் செராய், பீடோங், கோல கெட்டில் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "நல்லா சொல்லிக் குடுத்த வாத்தியாரு மாத்தலாகிப் போயிட்டாரு. புதுசா ஆளும் வரலே. யாருக்கு இங்க அக்கறை?" என்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போய் விழவேண்டிய இடம் வாத்தியார் தலைதானா? அதைத்தான் இன்று பார்க்கிறோம்.

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் ஆசிரியர் இடமும் குறையும். 150 பிள்ளைகளும் அதற்குக் கீழும் உள்ள பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி'. 30 பேருக்கும் குறைவு என்றால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பாகச் சேர்க்கும் முறையும் உண்டு. ஒரு பக்கம் முதலாம் ஆண்டுப் பிள்ளை 'அ' எழுதப் பழகும். மறு பக்கம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை வாக்கியம் எழுதும். நடுவிலே ஒரே ஆசிரியர்!

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஆள் பெரட்டுக்கு வராத நாளில், "அவன் மரத்தையும் நீயே வெட்டு" என்று சொன்னால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் ஓடி, இரண்டிலும் பால் குறையும். கடைசியில் ஏச்சு வாங்குவது யார்? ஓடினவன்தான்! சிறிய பள்ளி ஆசிரியரின் நிலையும் அதுதான்.

பாடம் மட்டுமா? பாடநூல் கடன் திட்டம், ஊட்டச்சத்து உணவு, நூலகம், விளையாட்டு, புறப்பாட நடவடிக்கை, கணினியில் வருகைப் பதிவு என்று பள்ளிக்குள்ள வேலைகள் பெரிய பள்ளிக்கும் உண்டு; சின்னப் பள்ளிக்கும் உண்டு. பட்டணத்துப் பள்ளியில் நாற்பது பேர் பகிர்ந்து செய்வதைத் தோட்டத்துப் பள்ளியில் ஏழெட்டுப் பேர் சுமக்க வேண்டும். நம் கெடாவில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளிலும் பள்ளிக் கணக்குப் பார்க்கும் ஆசிரியர் கிராணியாரா, வாத்தியாரா?

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமாயின. வேலைக்கு வெளிநாட்டார் வந்தனர். நம் குடும்பங்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530.

சரி, ஆசிரியரை அனுப்புவது யார்? தலைமையாசிரியர் அல்ல. கல்விச் சேவை ஆணையம் வேலைக்கு எடுக்கிறது. அமைச்சும் அலோர் ஸ்டாரிலுள்ள மாநிலக் கல்வி இலாகாவும் இடம் ஒதுக்குகின்றன. மாவட்டக் கல்வி அலுவலகம் மேற்பார்க்கிறது. தலைமையாசிரியர் "ஆள் தேவை" என்று எழுதலாம், அவ்வளவுதான். ஜொகூரிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர், புருசன் ஒரு மாநிலம் பெண்சாதி ஒரு மாநிலம் என்று எத்தனை காலம் இருப்பார்? மாற்றம் கேட்பது குற்றமல்ல. அவர் போகுமுன் மாற்று ஆள் வராததுதான் குற்றம்.

எல்லாப் பழியையும் மேலிடத்தின் மேல் போடவும் நாம் தயாரில்லை. தலையாட்டுகிறவருக்கு இலேசான வேலை, கேள்வி கேட்பவருக்கு மலையளவு வேலை என்று நடத்தும் நிர்வாகங்களும் உண்டு. உழைக்கிற ஆசிரியரின் மனம் அங்கேதான் முதலில் ஒடிகிறது.

"அப்படின்னா வாத்தியாருங்களே வெளியே சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது! 1993-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகள், அனுமதியின்றிப் பொதுவில் அறிக்கை விடுவதைத் தடுக்கின்றன. தொழிற்சங்கம் வழியாகப் பேசலாம். தனி ஆளாகப் பத்திரிகைக்குப் பேசினால் நடவடிக்கை வரும். ஆனால் பெற்றோருக்கு அந்தப் பூட்டு இல்லை.

1987-ஐ நினைத்துப் பாருங்கள். சீனமொழிக் கல்வித் தகுதி இல்லாதவர்களைச் சீனப் பள்ளிகளின் நிர்வாகப் பதவிகளுக்கு அனுப்பினார்கள். சீனச் சமூகம் அதை ஆசிரியர் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 11-இல் கோலாலம்பூர் தியன் ஹாவ் கோயிலில் சங்கங்களும் கட்சிகளும் ஒன்றாகக் கூடின. அம்மாதம் 27-இல் 'ஓப்பராசி லாலாங்' தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டனர். காரணங்கள் பல, அவற்றில் இதுவும் ஒன்று. ஒரு பள்ளிக்கு யாரை அனுப்புவது என்பது சின்னச் சமாசாரமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாம் செய்யக்கூடியது அவ்வளவு கடினமல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே மூன்றே கேள்வி கேளுங்கள். நம் பள்ளிக்கு ஒதுக்கிய ஆசிரியர் இடம் எத்தனை? அதில் எது, எந்த மாதத்திலிருந்து காலி? அதற்காக மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியது எப்போது, வந்த பதில் என்ன? விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். தீர்மானம் போட்டுத் தேதியுடன் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள்.

இன்னொன்றும் நம் கையில்தான் இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளை எண்ணிக்கைதான் ஆசிரியர் எண்ணிக்கை. நம் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டு, "தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் எங்கே?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

தலைமையாசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் கோப்புக்குள் தூங்கிப்போகலாம். பெற்றோர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட தீர்மானம் அவ்வளவு சுலபத்தில் தூங்காது. அடுத்த பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து தேநீருக்குக் காத்திராமல், எழுந்து நின்று கேளுங்கள்!