30 மணி நேரம் யாருக்கு மிச்சம்?

2024 ஜனவரியில் சென்னை நந்தம்பாக்கத்தில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. முடிவில் தமிழ்நாடு அரசு அறிவித்த கணக்கு இது: 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 6,64,180 கோடி ரூபாய் முதலீடு, 14,54,712 பேருக்கு நேரடி வேலை, 12,35,945 பேருக்கு மறைமுக வேலை. நேரடி வேலைக்காவது கம்பெனிகள் கொடுத்த உறுதி என்று ஓர் ஆதாரம் உண்டு. மறைமுக வேலை என்பது இன்னும் கட்டாத ஆலைக்குச் சரக்கு ஏற்றப்போகும் லாரி ஓட்டுநர், அந்த ஆலை வாசலில் இனிமேல் கடை போடப்போகும் டீ மாஸ்டர். அவர்களைக் கடைசி ஐந்து பேர் வரை யாராலும் எண்ண முடியாது. அந்த எண் பெருக்கலில் வந்தது. எந்த எண்ணால் பெருக்கினார்கள், எதை அனுமானித்துப் பெருக்கினார்கள் என்பது அறிவிப்போடு வரவில்லை. இரண்டையும் கூட்டிய 26.9 லட்சம் மட்டும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

இது ஒரு கட்சியின் பழக்கம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2015 மாநாட்டில் 2.42 லட்சம் கோடி என்றார்கள். 2019 மாநாட்டில் 3 லட்சம் கோடி என்றார்கள். ஆட்சி மாறியது, எண் வளர்ந்தது, அனுமானம் மட்டும் எப்போதும் மேடைக்கு வரவில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது, படித்தவர்களிடம் கூடுதலாகவே. நிபுணர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள், விடையைத் தெரிந்துகொண்டால் போதும், என்னென்ன அனுமானித்தார்கள் என்பது பின்னிணைப்பில் கிடக்க வேண்டிய சமாசாரம் என்கிற நம்பிக்கை. இது தவறான நம்பிக்கை. பொதுப்பணத்தையும் நிலத்தையும் கடலையும் காவுகொடுக்கிற நம்பிக்கை. திட்ட அறிக்கையில் ஆராய்ந்து பார்க்க வேண்டிய பகுதியே அனுமானங்கள்தான். மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்.

தமிழ்நாட்டில் இதற்குச் சேதுசமுத்திரத் திட்டத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 30 மணி நேரம் மிச்சம், 424 கடல் மைல் மிச்சம் என்ற இரண்டு எண்களையும் கேட்காத தமிழர் குறைவு. பாடப்புத்தகம் படிக்கிற பிள்ளையும் சொல்லும், மேடைப் பேச்சாளரும் சொல்வார். அந்த 30 மணி நேரம் எந்தக் கப்பலுக்கு என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இருக்காது.

பதில் எளிமையானது. தூத்துக்குடியில் கிளம்பிச் சென்னைக்குப் போகிற கப்பல் இன்றைக்கு இலங்கைத் தீவையே சுற்றிக்கொண்டு போகிறது. பாக் நீரிணையில் வழி வெட்டினால் அதற்குச் சுமார் 780 கிலோமீட்டர் வரை குறையும். உச்ச அளவான 30 மணி நேரம் இந்த மாதிரி உள்நாட்டுக் கடலோரக் கப்பலுக்குரியது. சூயஸ் வழியாக ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தாவுக்கு வருகிற கப்பலின் கதை வேறு. அது அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து நேரே இலங்கையின் தெற்கு முனையை நோக்கித்தான் வருகிறது. அதற்கு இலங்கை பெரிய சுற்று இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கப்பலுக்கு இன்னும் குறைவு. கால்வாய்க்குள் நுழைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி எச். பாலகிருஷ்ணன் இதையெல்லாம் கணக்கிட்டுக் காட்டியவர்.

2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி இதழில் ஜேக்கப் ஜான் என்ற ஆய்வாளர் திட்ட அறிக்கையின் அனுமானங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினார். கடலோரக் கப்பலுக்குச் சராசரி மிச்சம் 22 மணி நேரம், வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலுக்கு 8 மணி நேரம் என்பது அவர் கண்டது. ஆனால் கால்வாய்க் கட்டணம் முதல் வகைக் கப்பலின் மிச்சத்தை மனதில் வைத்து வகுக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டணத்தைக் கட்டினால் ஐரோப்பா, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கப்பலுக்கு ஒரு பயணத்தில் 4,992 டாலர் வரை நட்டம். கால்வாயைப் பயன்படுத்தும் என்று எதிர்பார்த்த கப்பல்களில் 65 சதவீதம் இந்த வகை. அவை நட்டப்படாத அளவுக்குக் கட்டணத்தைக் குறைத்தால் திட்டத்தின் வருவாய் விகிதம் 2.6 சதவீதத்துக்கு விழுந்துவிடும். எந்தத் திட்டத்தையும் கைவிடச் சொல்கிற விகிதம் அது. மொத்தத் திட்டமும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: எல்லாக் கப்பலுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மிச்சமாகும் என்ற அனுமானம். அதை முதல் பக்கத்தில் எழுதியிருந்தால், கடல் தெரிந்த எந்த மாலுமியும் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றபடியே தவறு என்று சொல்லியிருப்பார்.

முதல் பக்கத்தில் அது எழுதப்படவில்லை. 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் 2,427 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வை நாக்பூரின் நீரி நிறுவனம் 2004இல் சுனாமிக்கு முன்பே முடித்திருந்தது. அந்த டிசம்பரில் கடல் என்ன செய்யும் என்பதை நாகப்பட்டினமும் கடலூரும் கண்டன. ஆறே மாதத்தில் அதே ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு தொடக்க விழா நடந்தது. கடலைப் பற்றிய அனுமானத்தைக் கடலே மாற்றிய பிறகும் அறிக்கை மாறவில்லை.

2007இல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல்திட்டுப் பகுதியில் கைவைக்கக் கூடாது என்றது. அதன் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு பக்கம் பக்தி, ஒரு பக்கம் பகுத்தறிவு. ராமர் எந்தக் கல்லூரியில் பொறியியல் படித்தார் என்ற கேள்வி வரை பேச்சு போனது. இரண்டு தரப்பு மேடைகளும் 30 மணி நேரத்தைக் கேள்வி கேட்காமலே விட்டன. பாலத்தை இடிக்கக் கூடாது என்றவர்களும், இடித்தால் வளம் கொழிக்கும் என்றவர்களும், மிச்சம் உண்மைதான் என்றே எடுத்துக்கொண்டார்கள். பகுத்தறிவு பேசுகிற மண்ணில் ஒரு கூட்டல் கணக்கை நம்பிக்கைப் பொருளாக மாற்றியது பெரிய அவமானம். மத்திய அரசு அமைத்த பச்சௌரி குழு மாற்றுப் பாதையை ஆராய்ந்து, அதுவும் பொருளாதாரத்துக்கும் சூழலுக்கும் கட்டுப்படியாகாது என்றது. தோண்டும் பணிக்கும் மற்றவற்றுக்குமாக 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. கப்பல் எதுவும் போகவில்லை. அத்தனைக்குப் பிறகும் 2023 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டது. தீர்மானம் போடுவதற்கு முன் அந்த 30 மணி நேரத்தை மறுபடி கணக்கிட ஒரு குழுவைக் கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டைத் தாண்டிப் போனாலும் கதை மாறாது. மகாராஷ்டிரத்தில் இரத்தினகிரி மாவட்டத்துத் தாபோலில் என்ரான் கம்பெனி கட்டிய மின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1993 டிசம்பரில் கையெழுத்தானது. மாநில மின்வாரியம் மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் டாலரோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதற்குள் இரண்டு பெரிய அனுமானங்கள் இருந்தன. மாநிலத்தின் மின் தேவை அவ்வளவு வேகமாக வளரும் என்பது ஒன்று, ரூபாய் தாங்கும் என்பது இன்னொன்று. அந்த ஆண்டே உலக வங்கி, இவ்வளவு பெரிய நிலையம் தேவைக்கு மிஞ்சியது என்று சொல்லிக் கடன் தர மறுத்தது. புனேயின் பிரயாஸ் குழு எச்சரித்தது. கேட்பாரில்லை. ஒப்பந்தம் போட்டபோது டாலர் சுமார் 31 ரூபாய். 2001இல் 46 ரூபாயைத் தாண்டியது. சில மாதங்களில் ஒரு யூனிட் 7 ரூபாய்க்கு மேல் போனது. 2001 மே மாதம் 740 மெகாவாட் நிலையம் நின்றது. அனுமானம் இரண்டும் பொய்த்ததற்கான விலையை மின்வாரியம் சுமந்தது, வாரியத்தின் வழியாக மக்கள் சுமந்தார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியரும் அவருடைய குழுவும் 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவைத் திட்ட அறிக்கை எழுதுகிற எல்லாரும் சுவரில் ஒட்டிவைக்கலாம். பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் பயணிகள் கணிப்பு மிகையாக இருந்தது. சராசரியாகப் பார்த்தால், வந்த கூட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கணித்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் கணிப்பின் துல்லியம் கூடவே இல்லை. கணினி வந்தது, மென்பொருள் வந்தது, பிழை மட்டும் அப்படியே நின்றது. பிழை கூட்டலில் இருந்திருந்தால் கணினி திருத்தியிருக்கும். அது அனுமானத்தில் இருந்தது. அனுமானம் வாசகர் கண்ணுக்கு வராத இடத்தில் இருந்தது.

வேலைவாய்ப்புக் கணக்கும் அப்படித்தான். வாசிலி லியாந்தியெஃப் உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணையை உருவாக்கி 1973இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு தொழில் வளர்ந்தால் அதற்குச் சரக்கு தருகிற தொழில்கள் எவ்வளவு வளரும் என்று அது காட்டும். பெருக்கி எண் அங்கிருந்து வருகிறது. அந்தக் கணக்குக்குள் பெரிய அனுமானங்கள் உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் அதுவரை சும்மா இருந்தவர்கள் என்பது ஓர் அனுமானம். எடுத்த நிலத்தில் ஏற்கெனவே எந்த வேலையும் நடக்கவில்லை என்பது இன்னொன்று. மூன்று போகம் விளைந்த நிலத்தில் நாற்று நட்ட பெண்கள், களத்து மேட்டில் தூற்றியவர்கள், ஏரியில் மீன் பிடித்தவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் பூஜ்யம். இழந்த வேலையைக் கழிக்காமல் வரும் வேலையை மட்டும் கூட்டிச் சொல்வது ஏமாற்று. 2024 மாநாட்டின் எண்களை வகுத்துப் பார்த்தால் 100 நேரடி வேலைக்கு 85 மறைமுக வேலை வருகிறது. அந்த 85 எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவைக்க ஒரு பக்கம் போதும்.

அனுமானத்தை எழுத முடியாது, அது சிக்கலான தொழில்நுட்பம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பொய். பணம் போடுகிறவருக்கு ஆபத்து என்றால் அனுமானம் உடனே எழுதப்படுகிறது. தனியார் சுங்கச் சாலைகளுக்காக இந்திய அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தையே பார்க்கலாம். குறிப்பிட்ட ஆண்டில் இவ்வளவு வண்டிகள் போகும் என்ற இலக்குப் போக்குவரத்து அதில் எழுதப்பட்டிருக்கும். வண்டிகள் 1 சதவீதம் குறைந்தால் சுங்கம் வசூலிக்கும் காலம் 1.5 சதவீதம் நீளும், அதிகபட்சம் 20 சதவீதம் வரை. கூடினால் ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் 0.75 சதவீதம் குறையும், அதிகபட்சம் 10 சதவீதம் வரை. அனுமானம் என்ன, அது தவறினால் யார் எவ்வளவு தாங்குவார் என்பது கறுப்பு மையில் இருக்கிறது. கடன் கொடுக்கிற வங்கி இதைக் கேட்காமல் ஒரு ரூபாய் தராது. நிலம் கொடுக்கிற உழவரும் கடல் கொடுக்கிற மீனவரும் மட்டும் கேட்காமல் கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

கேட்டாலும் கிடைப்பதில்லை என்பது அடுத்த அநியாயம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு வணிக ரகசியத்துக்கு விலக்கு தருகிறது. பொதுநலன் பெரிதானால் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்வதை மறந்துவிட்டு, முதல் பாதியை மட்டும் காட்டி ஒப்பந்தங்களைப் பூட்டிவைக்கிறார்கள். மொழி இன்னொரு பூட்டு. 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி மக்கள் மொழியில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கை ஆங்கிலத்தில். அனுமானங்கள் சுருக்கத்துக்குள் வருவதில்லை. 2020இல் வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் மேலே, தாக்க ஆய்வை எழுதுகிற ஆலோசனை நிறுவனத்துக்குச் சம்பளம் தருவது திட்டத்தைக் கொண்டுவருகிறவர். திட்டம் வேண்டாம் என்று எழுதினால் அடுத்த வேலை வராது. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் அனுமானத்தை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்வது குறைந்தபட்சக் காவல்.

ஆகவே இதைச் சட்டமாக்க வேண்டும். அரசு கையெழுத்திடும் எந்தத் திட்ட ஒப்பந்தத்திலும், எந்தப் பொருளாதாரத் தாக்க ஆய்விலும், முதல் பக்கத்தில் முக்கிய அனுமானங்கள் தமிழில் இருக்க வேண்டும். எத்தனை கப்பல், எத்தனை வண்டி, எத்தனை யூனிட், டாலர் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இழக்கும் வேலை எவ்வளவு என்று தனித்தனியாக. ஒவ்வொன்றும் கால்வாசி தவறினால் என்ன ஆகும் என்ற கணக்கும், அந்த நட்டம் யார் தலையில் என்ற வரியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அதே பக்கத்தை எடுத்துச் சரிபார்த்துச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஆட்சியர் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, லட்சம் கோடி என்றும் ஆயிரம் பேருக்கு வேலை என்றும் மேடையில் வாசிக்கும்போது, எழுந்து நின்று எந்த அனுமானத்தில் என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காமல், கேள்வியையும் பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுத வைத்து, அதன் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.